செந்தூலின் கடல்

1995ஆம் ஆண்டு கே.டி.எம். கொமுட்டர் மின்ரயில் ஓடத் தொடங்கியபோது, அதன் முதல் தடங்களில் ஒன்றுக்கு ஒரு முனை செந்தூல், மறுமுனை போர்ட் கிள்ளான். பிறகு தடங்கள் மாறின. 2010ல் பாதை பத்துமலை வரை நீண்டது. இன்று செந்தூலிலிருந்து துறைமுகம் போக வேண்டுமானால் நடுவில் வண்டி மாற வேண்டும். ஆனால் அந்தப் பழைய வரைபடம் ஒரு நூற்றாண்டு உறவைச் சரியாகவே காட்டியது. இரும்பும் கரியும் பட்டறைச் சங்கொலியுமாக வளர்ந்த இந்தப் பேட்டைக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கடற்கரை உண்டு. செந்தூல் அந்தக் கரையிலிருந்துதான் உண்டது, இன்றும் உண்கிறது.

1886ல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றோரத்துப் புக்கிட் கூடா வரை முதல் ரயில் ஓடியது. 1890ல் பாதை ஆற்றைத் தாண்டிக் கிள்ளான் நகரை எட்டியது. 1901ல் ஆற்றின் முகத்துவாரத்தில், பின்னாளில் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறிய போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்டது. அதே காலத்தையொட்டித்தான் செந்தூலில் ரயில் பட்டறை எழுந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கிராணிகளும் ஸ்டேஷன் மாஸ்டர்களும் வந்தார்கள். தமிழ்நாட்டின் உள்மாவட்டங்களிலிருந்து பட்டறைக்கும் தண்டவாளத்துக்கும் கூலிகளாகப் பலர் வந்தார்கள். முன்னவர்களில் பெரும்பாலோர் கடலைப் பார்த்து வளர்ந்தவர்கள்; பின்னவர்களில் பலர் கப்பலேறும் நாளில்தான் கடலையே பார்த்தவர்கள். இந்த இரு கூட்டத்தாருக்கும் பொதுவாக இங்கே அமைந்த மீன் கெம்போங். ஊரில் கானாங்கெளுத்தி என்றும் குமரிப் பக்கம் அயிலை என்றும் சொல்லப்படும் மீனின் இனம் அது. வஞ்சிரமும் வவ்வாலும் சம்பள நாளுக்கு. மற்ற நாளுக்குக் கெம்போங். புளிக்குழம்பாகவும், மஞ்சளும் மிளகாயும் தடவிப் பொரித்ததாகவும், மலாய் அண்டைவீட்டாரிடம் கற்றுக்கொண்ட சம்பாலாகவும் அது நம் வீடுகளுக்குள் வந்தது.

உலகில் மிக அதிகமாக மீன் உண்ணும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. அந்த உணவின் அடித்தட்டில் இருப்பது கெம்போங். விழாக்கால விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியல்களில் அதன் பெயர் அவ்வப்போது இடம்பெறுவதற்கு அதுவே காரணம். கெம்போங்கின் விலை ஏறினால் சாதாரணக் குடும்பத்தின் தட்டில் உடனே தெரியும். அப்படி ஏறும்போதெல்லாம் எண்ணெய் விலையையும் இடைத்தரகரையும் மழையையும் பற்றிப் பேசுகிறோம். அந்த மீன் எங்கே பிறக்கிறது, எதைத் தின்று வளர்கிறது, எந்த நீரில் வாழ்கிறது என்ற பேச்சு மட்டும் செந்தூலில் எழுவதில்லை. அது மீனவர் கவலை, கடற்கரைக்காரர் கவலை என்று விட்டுவிட்டோம். இது நமக்கும் உரிய கவலை என்பதை, அந்த மீனின் வாழ்க்கையைக் கொண்டே சொல்ல விரும்புகிறேன்.

சந்தையில் கெம்போங் என்ற ஒரே பெயரில் ஒரே தட்டில் கிடப்பது பெரும்பாலும் இரண்டு இனம். இரண்டும் ராஸ்ட்ரெல்லிகர் என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. உடல் குட்டையாகவும் அகலமாகவும் இருப்பது பிராக்கிசோமா. சற்று நீண்டு, பக்கவாட்டில் கருங்கோடுகளும் முதுகோரம் புள்ளிகளும் கொண்டது கனகுர்த்தா. தமிழ்நாட்டுக் கானாங்கெளுத்தி இதுதான். எந்தக் கெம்போங்கையும் வாங்கிவந்து வாயை அகலத் திறந்து பாருங்கள். உள்ளே செவுள் வளைவிலிருந்து மெல்லிய நீண்ட முட்கள் நெருக்கமாக நிற்பது தெரியும். அந்த மீனின் பிழைப்பு முழுவதும் அந்த முட்களில் இருக்கிறது. வாயைத் திறந்தபடி கூட்டமாக நீந்தும். உள்ளே புகும் நீர் செவுள் வழியே வெளியேறும். நீரில் மிதக்கும் நுண்பாசிகளும் துடுப்புக்காலிகள் போன்ற சிற்றுயிர்களும் முட்களில் தங்கிவிடும். இது துரத்திப் பிடிக்கும் வேட்டை மீன் இல்லை. கடல்நீர் தானாகத் தருவதை வடித்து உண்ணும் மீன்.

இரண்டு இனத்துக்கும் உள்ள முக்கிய வேறுபாடு வயிற்றுக்குள் இருக்கிறது. பிராக்கிசோமாவின் குடல் அதன் உடல் நீளத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல் நீண்டது. கனகுர்த்தாவுக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்குதான். செடிப் பொருளைச் செரிக்க நீண்ட குடல் வேண்டும். பிராக்கிசோமா நுண்பாசிகளை நிறையத் தின்னும் மீன். அவை செழித்து வளரும் கரையோரக் கலங்கல் நீரில், ஆற்று நீர் கலந்து உப்பு சற்றுக் குறைந்த முகத்துவாரங்களுக்கு அருகில் வாழ்கிறது. கனகுர்த்தா குஞ்சாக இருக்கும்போது பாசியைத் தின்றாலும், வளர வளர இறால் குஞ்சு, மீன் குஞ்சு என்று பெரிய இரைக்கு மாறுகிறது. தெளிந்த, சற்று வெளிப்பட்ட நீரை நாடுகிறது. செங்கடலிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் சமோவா வரை அது பரவியிருப்பதும், பிராக்கிசோமா அந்தமான் கடல் தொடங்கிக் கிழக்கே மட்டும் காணப்படுவதும் இதோடு பொருந்திப் போகின்றன. ஆகவே செந்தூல் தட்டில் கிடக்கும் அந்தக் குட்டை மீன், சிலாங்கூர்க் கரைச் சேற்றோடும் ஆறு கொண்டுவந்து கொட்டும் சத்தோடும் பிரிக்க முடியாமல் பிணைந்தது.

இந்த மீனைப் பற்றிய எழுத்தறிவு எப்படிச் சேர்ந்தது என்பதும் நினைவுகூரத் தக்கது. பாட்ரிக் ரசல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் விசாகப்பட்டினத்துக் கரையில் இருநூறு மீன்களை வரைந்து விவரித்து 1803ல் நூலாக வெளியிட்டார். அங்குள்ள தெலுங்கு மீனவர் வழங்கிய பெயர்களையே பல மீன்களுக்குக் குறித்துவைத்தார். பாரிஸில் இருந்த குவியே 1816ல் அறிவியல் பெயரிட்டபோது அந்த மீனவர் சொல்லே கனகுர்த்தா என்று நிலைத்தது. பிராக்கிசோமாவுக்குப் பெயரிட்டவர் பத்தாவியாவில் டச்சுப் படை மருத்துவராயிருந்த பிளீக்கர், ஆண்டு 1851. அதற்கு ஒரு நூற்றாண்டு கழித்து, 1962 ஜனவரியில், இராமநாதபுரத்துக் கரையில் மண்டபம் முகாமில் கானாங்கெளுத்தி, சூரை வகை மீன்களைப் பற்றி ஒரு பெரிய ஆய்வரங்கம் கூடியது. அங்கிருந்த மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர் எஸ். ஜோன்ஸ், இந்த இரண்டு இனத்தையும் பற்றி அதுவரை தெரிந்ததையெல்லாம் ரோசா என்ற அறிஞரோடு சேர்ந்து தொகுத்தார். 1980களில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், மலாக்கா நீரிணையின் கெம்போங் வளத்தைக் கரையோர நாடுகளின் ஆய்வாளர்களைக் கூட்டி ஆராய்ந்தது. நம் கரைக்கும் தமிழ்நாட்டுக் கரைக்கும் இடையே இந்த மீனைச் சுற்றி இவ்வளவு அறிவு ஓடியிருக்கிறது. அதில் ஒரு துளிகூட நம் தமிழ்ப் பத்திரிகைகள் வழியே வீட்டுக்கு வந்து சேரவில்லை என்பது எனக்கு வருத்தம்.

சேற்றுக்குத் திரும்புவோம். இந்த வரலாற்றில் அதிகம் இகழப்பட்டது அதுதான்.

1901ல் துறைமுகம் திறந்த உடனேயே மலேரியா வெடித்தது. தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகக் காய்ச்சலில் விழுந்தார்கள். அந்த ஆண்டு கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பை வெட்டித் துப்புரவாக்கி வடிகால் தோண்டச் செய்து காய்ச்சலை அடக்கினார். கொசு ஒழிப்பின் உலக வரலாற்றில் கிள்ளானுக்கு இடம் கிடைத்தது அதனால்தான். அந்த வேலையைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. காப்பாற்றப்பட்ட உயிர்களில் எத்தனையோ தமிழ் உயிர்கள் உண்டு. ஆனால் அந்த வெற்றி ஒரு மனப்பழக்கத்தையும் விட்டுச்சென்றது. கண்டல் காடு என்றால் நோய், சேறு என்றால் வீண் நிலம், கரை கட்டி வடிகாலிட்டு மேடாக்கினால்தான் அது பயன்படும் என்ற எண்ணம் நூறு ஆண்டுகளாக அரசு அலுவலகங்களிலும் வணிகர் மனத்திலும் வேரூன்றிவிட்டது. கரைநெடுகத் தென்னையும் ரப்பரும் பிறகு செம்பனையும் வந்தன. காப்பாரில் மின்நிலையம் எழுந்தது. புலாவ் இண்டாவில் 1990களில் மேற்குத் துறைமுகம் வந்தது. வேலை, மின்சாரம், ஏற்றுமதி என்று ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருந்தது. ஒவ்வொரு முறையும் கணக்கில் வராமல் போனது ஒன்றுதான்: அந்தச் சேறு ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தது.

நீர் வடிந்த நேரத்தில் கிள்ளான் முகத்துவாரத்தின் சேற்றுத் திட்டுகளைப் பார்த்தால், மேற்பரப்பில் பழுப்பும் பச்சையும் கலந்த மினுமினுப்பு தெரியும். அது கோடானுகோடி நுண்பாசி. அடுத்த ஏற்றத்தில் அதன் ஒரு பகுதி நீரில் கலக்கிறது. கண்டல் இலை உதிர்ந்து மக்கி, அதைச் சிற்றுயிர்கள் தின்று, அவற்றை வேறு உயிர்கள் தின்று, சத்து படிப்படியாக நீருக்குள் நகர்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் சசேகுமார், சோங் விங் சிங் முதலிய ஆய்வாளர்கள் 1980களிலும் 1990களிலும் சிலாங்கூர்க் கண்டல் ஓடைகளிலும் அடுத்துள்ள சேற்றுத் திட்டுகளிலும் வலை போட்டு எண்ணினார்கள். ஓடைகளில் மட்டுமே நூற்றுக்கும் மேற்பட்ட மீன் இனங்கள் கிடைத்தன. பெரும்பாலானவை குஞ்சுகளும் இளமீன்களும்.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கெம்போங், கண்டல் வேருக்குள் ஒளிந்து வளரும் மீன் இல்லை. கொடுவாவையும் மடவையையும் போல அது ஓடைக்குள் குடியிருப்பதில்லை. அது திறந்த நீரில் திரியும் கூட்ட மீன். அதன் முட்டைகளும் நீரில் மிதப்பவைதான். கண்டலை அழித்தால் கெம்போங் அடுத்த ஆண்டே மறைந்துவிடும் என்று யாராவது சொன்னால் அது மிகைப்பேச்சு. ஆனால் அது வடித்து உண்ணும் நீரின் செழிப்பு கரையிலிருந்து வருவது. கரை ஏழையாக ஏழையாக அந்த நீரும் ஏழையாகும். மெதுவாக நடப்பதால் எந்த ஓர் ஆண்டின் கணக்கிலும் அது பிடிபடாது. கரையோர மீன்வளத்துக்கு இந்த மெதுவான இழப்புதான் மிகப் பெரிய ஆபத்து என்பது என் கருத்து.

நீரிணையின் மறுகரையில் ஒரு பாடம் இருக்கிறது. சுமத்ராவின் ரொக்கான் ஆற்று முகத்தில் உள்ள பாகான் சியாப்பியாப்பி, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உலகின் மிகப் பெரிய மீன்பிடித் தளங்களில் ஒன்று என்று பேசப்பட்ட ஊர். சீன மீனவர்கள் கட்டியெழுப்பிய ஊர் அது. அங்கிருந்து உப்புக் கருவாடு நீரிணை முழுக்கப் போயிற்று. மலாயாத் தோட்டங்களில் லயன் வீட்டுச் சமையலில் கருவாடு அன்றாடப் பண்டமாயிருந்த காலம் அது. ஐஸ் கிடைக்காத காலத்தில் மீன் உள்நாட்டுக்கு வர உப்பே வழி. கெம்போங்குக்கு அது இன்னும் கட்டாயம். இந்த இன மீன்களின் தசையில் உள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை, வெயிலில் வைத்தால் நுண்ணுயிர்கள் ஹிஸ்டமினாக மாற்றிவிடும். தின்றவருக்கு முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு தடிக்கும். கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. ஐஸ் ஆலைகள் பெருகி, விரைந்து வர ரயிலும் பின்பு லாரியும் வந்த பிறகுதான் பச்சைக் கெம்போங் உள்நாட்டுத் தொழிலாளியின் அன்றாட உணவாயிற்று. பாகானுக்குத் திரும்பினால், ரொக்கான் ஆறு கொண்டுவந்த வண்டல் குடாவை மேடாக்கியது. படகு போக ஆழமில்லாமல் கடல் ஊரைவிட்டு விலகிப் போனது. மீன்பிடித்தலின் பேரூர் ஒன்று ஒரு தலைமுறைக் காலத்தில் ஒளி மங்கியது.

வண்டல் கெம்போங்குக்கு உணவைத் தருகிறது, அதே வண்டல் அளவு மிஞ்சினால் ஊரையே மூடிவிடுகிறது. கிள்ளான் ஆறும் இதை அறிந்த ஆறுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஈயச் சுரங்கங்கள் மண்ணைக் கரைத்து ஆற்றில் விட்டன. 1926ல் கோலாலம்பூரை மூழ்கடித்த பெருவெள்ளத்துக்கு ஆற்றுப்படுகை மேடாகிப்போனதும் ஒரு காரணம். ஆறும் கரையும் ஒரு சமநிலையில் இருக்கும்போதுதான் இந்த மீனுக்கு வாழ்வு.

அப்படியானால் இத்தனைக்குப் பிறகும் கெம்போங் எப்படி இன்னும் சந்தையில் கிடைக்கிறது? விடை அதன் உடலில் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க அதே நீரிணையின் இன்னொரு மீனை எடுத்துக்கொள்ளலாம்: தெருபுக். தமிழ்நாட்டில் உல்லம் என்றும் வங்காளத்தில் இலிஷ் என்றும் போற்றப்படும் மீனின் நெருங்கிய உறவு. சுமத்ராவின் பெங்காலிஸ் பக்கத்து நீரில் அது ஒரு காலத்தில் கொழித்தது. அதன் சினை விலை மதிப்புள்ளது. உப்பிட்ட தெருபுக் சினை செல்வர் வீட்டுப் பண்டம். ஆனால் தெருபுக் முதலில் ஆணாக இருந்து, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும் மீன். பெரிய மீன் எல்லாம் பெண், பெண்ணிடம்தான் சினை, சினைக்காகத்தான் வலை. முட்டையிட முகத்துவாரத்துக்கு அது வரும் காலமும் இடமும் எல்லாருக்கும் தெரியும். இப்படி வாழ்க்கையின் ஒவ்வொரு அம்சமும் அதற்கு எதிராகவே திரும்பியது. பெரிய பெண் மீன்களை வாரி வாரி எடுத்ததில் அந்த இனம் அரிதாகிவிட்டது.

கெம்போங் அப்படி இல்லை. ஆண் பெண் என்று பாலினம் மாறுவதில்லை. ஏறத்தாழ ஓராண்டிலேயே முதிர்ந்து இனப்பெருக்கத்துக்குத் தயாராகிறது. ஒரே தடவையில் கொட்டிவிடாமல் பல தவணைகளாக முட்டையிடுகிறது. வாழ்நாள் சில ஆண்டுகள்தான். ஆனால் அந்தச் சில ஆண்டுகளில் வளர்ச்சி வேகமானது. ஓராண்டு கெட்டால் அடுத்த ஆண்டில் ஈடுகட்டும் உடலமைப்பு. உணவு அடுக்கில் தாழ்ந்த படியில் இருப்பதால் அதன் எண்ணிக்கையும் பெரிது. நம்முடைய ஒரு நூற்றாண்டுப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும் வலிமை அதற்கு இயற்கை தந்தது. 1883ல் லண்டனில் நடந்த மீன்வளக் கண்காட்சியில் தாமஸ் ஹக்ஸ்லி, கானாங்கெளுத்தி போன்ற பெருங்கடல் மீன்வளங்கள் அநேகமாக வற்றாதவை என்று பேசினார். அன்றைய கருவிகளுக்கு அது பொருந்தியிருக்கலாம். கருவிகள் மாறின, அந்த நம்பிக்கை மட்டும் மாறாமல் தங்கிவிட்டது.

கருவி மாறிய கதை நம் கரையில் 1960களில் தொடங்குகிறது. அதற்கு முன்பு கெம்போங்கைப் பிடித்தவை நிபோங் மரங்களை நட்டுக் கட்டிய கேலோங்குகள், மிதக்கும் செவுள் வலைகள், கூட்டத்தைச் சூழும் வலைகள். இவற்றில் பல, மீன் தானாக வந்து விழக் காத்திருப்பவை. 1960களின் தொடக்கத்தில் ஜெர்மன் உதவியோடு தாய்லாந்தில் இழுவைமடி பரவியது. தாய்லாந்து வளைகுடாவில் 1961ல் ஒரு மணி நேரம் மடி இழுத்தால் ஏறத்தாழ 300 கிலோ கிடைத்தது. இருபது ஆண்டில் அது ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைந்தது. அதே காலத்தில் பேராக், பினாங்குக் கரைகளிலும் இழுவைப் படகு வந்தது. அதை இங்கே பூக்காட் துண்டா என்பார்கள். கரையோர மீனவர் வலைகள் அறுந்தன. படகுகள் எரிக்கப்பட்டன. உயிர்களும் போயின. 1980களின் தொடக்கத்தில் அரசு மண்டல முறையை வகுத்தது: கரையிலிருந்து முதல் 5 கடல்மைல் பழைய வலைக்காரர்களுக்கு, இழுவைமடியும் பெரிய சுருக்குமடியும் அதற்கு வெளியே. 1985ல் மீன்வளச் சட்டம் வந்தது. மடியின் கடைவாய்க் கண்ணி 38 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்றும் விதி உண்டு. நல்ல விதிகள். இருட்டில் கோட்டைத் தாண்டி உள்ளே வரும் படகுகளும், கண்ணி சிறுத்த மடிகளும் இன்றுவரை நம் மீனவர்கள் கூட்டங்களில் முதல் புகாராக இருக்கின்றன.

இழுவைமடி கொண்டுவரும் மீனில் ஈக்கான் பாஜா என்று ஒரு பிரிவு உண்டு. உர மீன் என்று பொருள்படும் பெயர்; உரத்துக்கும் தீவனத்துக்கும் போவது அது. அதில் உண்மையிலேயே உண்ணத் தகாதவை ஒரு பங்கு. மீதிப் பங்கில் நாளைக்கு நாம் உண்ண வேண்டிய மீனின் குஞ்சுகள் கிடக்கின்றன. கெம்போங் குஞ்சும் அதில் வரும். விரல் நீளக் கெம்போங்கைப் பிடித்து அரைத்துத் தீவனமாக்கி, கூண்டில் வளர்க்கும் கொடுவாவுக்குப் போட்டு, அந்தக் கொடுவாவை உணவகத்தில் கிலோ கணக்கில் விற்கும் பொருளாதாரம் ஒன்று நம் கண் முன்னே நடக்கிறது. ஏழையின் மீனைச் செல்வரின் மீனாக மாற்றும் வேலை இது. கூண்டு வளர்ப்பை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அதன் தீவனம் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் அதைத் தீர்வு என்று சொல்ல ஒப்பமாட்டேன்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்? கேரளம் 2015ல் கானாங்கெளுத்திக்கு 14 சென்டிமீட்டர் என்று குறைந்தபட்ச அளவை விதித்தது. அதற்குச் சிறியதைப் பிடிப்பது குற்றம். தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் 2001 முதல் ஆண்டுதோறும் மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாள், இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அந்த நாட்களில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது; மீனவர் குடும்பங்களுக்கு அரசு நிவாரணத் தொகை தருகிறது. தாய்லாந்தும் தன் வளைகுடாவில் இதே பிராக்கிசோமா முட்டையிடும் காலத்தில் ஒரு பகுதியைப் பல பத்தாண்டுகளாக மூடிவைக்கிறது. சென்னைத் தேதியை அப்படியே கிள்ளானுக்குப் பெயர்த்து வைக்க முடியாது. நம் நீரிணையின் பருவம் வேறு, முட்டையிடும் காலம் வேறு. நம் பல்கலைக்கழகங்களும் மீன்வளத்துறையும் அதைக் கணித்துச் சொல்ல வேண்டும். இந்தோனேசியாவும் தாய்லாந்தும் நாமும் ஒரே மீன்கூட்டத்தைப் பகிர்ந்துகொள்வதால், மூவரும் சேர்ந்து பேச வேண்டும்.

புரட்டாசி பிறந்தால் செந்தூலில் எத்தனையோ வீடுகளில் மீன் சட்டி மேலே ஏறிவிடும். தைப்பூசத்துக்கு முன்பும் அப்படித்தான். மாதக்கணக்கில் வாயைக் கட்டத் தெரிந்த இந்த மக்களுக்கு, கடலுக்கும் அப்படியொரு விரத காலம் வேண்டும் என்று சொன்னால் புரியாமல் போகாது. அந்த நாட்களில் விலை ஏறும். அதைத் தாங்க முடியாத வீடுகள் இங்கே உண்டு என்பதும் எனக்குத் தெரியும். மீனவருக்கு நிவாரணம் போல, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கும் அந்தக் காலத்தில் ஒரு ஏற்பாடு சேர்ந்தே வர வேண்டும். அது இல்லாத தடை, சுமை முழுவதையும் படகுக்காரர் தலையிலும் ஏழை அடுப்பிலும் இறக்கிவைக்கும்.

இன்னும் ஒரு தொடர்பு இருக்கிறது. மீன் கரையிலிருந்து செந்தூலுக்கு ஏறி வருகிறது. செந்தூலிலிருந்து கரைக்கு இறங்கிப் போவது நம் கழிவுநீர். இந்தப் பேட்டையின் சாக்கடைகள் பத்து ஆற்றிலும் கொம்பாக் ஆற்றிலும் சேர்கின்றன. பத்து ஆறு கொம்பாக்கில் கலக்கிறது. கொம்பாக், மஸ்ஜித் ஜாமெக் பள்ளிவாசலின் அடியில் கிள்ளான் ஆற்றோடு கூடுகிறது. மொத்தம் 120 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஆறு போய்ச் சேரும் இடம், கெம்போங் வாய் திறந்து நீரை வடிக்கும் அதே முகத்துவாரம். நம் தெருவில் வாய்க்காலில் எறிந்த பிளாஸ்டிக் பை, பட்டறையில் கழுவி விட்ட எண்ணெய், சந்தையில் கொட்டிய கழிவு எல்லாவற்றுக்கும் போக வழி அது ஒன்றே. 2019ல் ஆற்றுக் குப்பையைத் தடுத்து அள்ளும் மிதவை இயந்திரம் ஒன்று கிள்ளான் ஆற்றில் நிறுத்தப்பட்டது. உலகம் முழுக்க அப்படி நிறுத்த எத்தனையோ ஆறுகள் இருந்தும் முதல் சிலவற்றில் ஒன்றாக நம் ஆறு தேர்ந்தெடுக்கப்பட்டது நமக்குப் பெருமையில்லை. ரயில் பேட்டை என்ற அடையாளத்தோடு, ஓர் ஆற்றின் மேல்கரை ஊர் என்ற பொறுப்பையும் செந்தூல் ஏற்க வேண்டும். பள்ளிக்கூடங்களும் கோயில் குழுக்களும் குடியிருப்பாளர் சங்கங்களும் வாய்க்கால் துப்புரவைப் பற்றிப் பேசும்போது, டெங்கியோடு கெம்போங்கையும் சேர்த்துப் பேசலாம்.

கரையில் இனி வரப்போவதும் சிறிதில்லை. துறைமுகம் விரிய வேண்டும் என்கிறது வணிகம். கேரித் தீவில் புதிய துறைமுகம் என்ற திட்டம் பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. அந்தத் தீவில் மா மெரி ஆதிகுடிகள் வாழ்கிறார்கள். கண்டலும் சேறும் அவர்கள் வாழ்வாதாரம். ஆழம் தோண்டுவதும் கடலைத் தூர்ப்பதும் பெரிய அளவில் நடந்தால் நீரோட்டமும் வண்டல் படியும் இடமும் மாறும். எங்கே, எவ்வளவு மாறும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுக் காட்ட வேண்டியது திட்டம் போடுபவர் கடமை. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், பெரிய கடல் தூர்ப்புத் திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். யாரும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். கடற்கரையில் குடியிருந்தால்தான் எழுதலாம் என்று எந்த விதியும் இல்லை. புலாவ் கெத்தாம் மீனவரும் கேரித் தீவு மா மெரியும் ஏற்கெனவே பேசி வருகிறார்கள். அடுத்த அறிக்கை வைக்கப்படும்போது, அந்த மீனை வாரம் தவறாமல் வாங்கும் செந்தூல் வீடுகளின் முகவரிகளிலிருந்தும் கடிதங்கள் போகட்டும். சேற்றுத் திட்டுகளுக்கு என்ன ஆகும், முட்டையிடும் காலத்தில் தோண்டும் வேலை நிற்குமா, கெம்போங்கின் வரத்தைப் பத்தாண்டுகளுக்கு யார் அளந்து பொதுமக்களுக்குச் சொல்வார்கள் என்று அந்தக் கடிதங்கள் கேட்கட்டும்.